பந்தயம் எங்கே நடக்கிறது?

மனிதன் வேகத்தை விரும்புகிறான். அதில் குற்றமில்லை. தூரத்தைச் சுருக்க வேண்டும் என்னும் வேட்கையிலிருந்து நாகரிகத்தின் பெரும் பகுதி பிறந்திருக்கிறது. ஆனால் அந்த வேகம் எந்த இடத்தில் ஓடுகிறது, யாருடைய உயிரைப் பணயமாக வைத்து ஓடுகிறது, யாருடைய இலாபத்துக்காக ஓடுகிறது என்று கேட்பதும் நாகரிகத்தின் கடமையே. அந்தக் கேள்வியை முருங்கன் சந்தியில் நின்று கேட்க விரும்புகிறோம்.

முருங்கன் பெருநகரமன்று. கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்களுக்கு நடுவே, மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் ஏ-14 நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஓர் ஊர். நானாட்டான் பக்கமும் சிலாவத்துறைப் பக்கமும் போவோர் இங்கிருந்து பிரிகின்றனர். பள்ளிக்குப் போகும் பிள்ளை, வைத்தியசாலைக்குப் போகும் கர்ப்பிணி, வயலுக்கு இறங்கும் உழவு இயந்திரம், தூரத்து நகரங்களுக்கு விரையும் பஸ், மீன் ஏற்றிய லொறி, மணல் ஏற்றிய டிப்பர், மடுத் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர், இருட்டியதும் தாரின் சூட்டுக்கு வந்து படுக்கும் கட்டாக்காலி மாடுகள் ஆகிய அனைவருக்கும் அனைத்துக்கும் இருப்பது ஒரே தார்ப்பரப்பு. அவரவர் வேகம் வேறு, எடை வேறு, நோக்கம் வேறு.

இந்த வீதியின் வரலாற்றை நம் வாசகர் அறிவர். 1990இல் போரினால் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. ஒரு தலைமுறை முழுவதும் எரிபொருளுக்குத் தவம் கிடந்தது; துவிச்சக்கர வண்டியே குடும்ப வாகனமாயிற்று. 2009க்குப் பின் நிலைமை மாறிற்று. 2010இல் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 14ஆம் நாள் புகையிரதம் மீண்டும் தலைமன்னார் வரை ஓடிற்று. குண்டும் குழியுமாய்க் கிடந்த வீதி பளபளக்கும் தார்க் கம்பளமாயிற்று. அதே வேகத்தில் குத்தகைக் கடன் நிறுவனங்களும் வந்தன. கையில் முழுப் பணமில்லாதவனுக்கும் மாதத் தவணையில் மோட்டார் சைக்கிள் கிடைத்தது. வீதி வந்தது, வாகனம் வந்தது, வேகம் வந்தது. வேகத்தை ஆளும் ஏற்பாடு மட்டும் உடன் வரவில்லை.

இனி, நம்மிடையே வழங்கும் ஒரு நம்பிக்கையைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். மோட்டார்ப் பந்தயம் என்றதும், "உயிரோடு விளையாடும் பைத்தியக்காரத்தனம்" என்று முகஞ்சுளிக்கும் நல்லோர் பலர் உள்ளனர். அவர்களே தம் மகனை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஏ-14 வழியே வேலைக்கு வழியனுப்புகிறார்கள். அது அவர்களுக்குச் சாதாரணம். பந்தயத் தடம் ஆபத்து, பொதுவீதி சாதாரணம் என்னும் இந்தப் பாகுபாட்டை நாம் மறுக்கிறோம். பந்தயத் தடத்தில் வேகம் அதிகம், ஐயமில்லை. ஆனால் ஆபத்து என்பது வேகம் மட்டுமன்று. எதிரே என்ன வரும், தவறினால் எதில் மோதுவோம், மோதினால் யார் தூக்குவர், நேர்ந்ததற்கு யார் பதில் சொல்வர் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஆபத்து. இந்த நான்கிலும் நமது வீதி தடத்திடம் தோற்று நிற்கிறது.

தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகின்றனர். எதிரே பஸ் வராது. குறுக்கே மாடு படுக்காது. பக்கத்து ஒழுங்கையிலிருந்து விளக்கில்லாத உழவு இயந்திரம் தலைநீட்டாது. வளைவில் தவறியவனை வேகம் குன்றச் செய்யச் சரளைப் பரப்பும், தாங்கிக்கொள்ள டயர் அடுக்கும் காத்திருக்கின்றன. முன்னே விபத்து என்றால் மஞ்சள் கொடி எழுகிறது. பெரிது என்றால் சிவப்புக் கொடி எழுந்து ஓட்டம் முழுவதுமே நிற்கிறது. வைத்தியரும் அம்புலன்சும் வந்து நிற்காமல் ஓட்டம் தொடங்குவதில்லை. ஓட்டுபவன் தலை முதல் கால் வரை காப்பணிந்து வருகிறான். அவனது வாகனம் அன்று காலை பரிசோதிக்கப்பட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் விரும்பி வந்தவன். ஆபத்தை அறிந்து, ஒப்பி, கையெழுத்திட்டு வந்தவன்.

முருங்கனில் வீதியைக் கடக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை எதில் கையெழுத்திட்டது?

தடத்தில் மரணம் இல்லையென்று நாம் கூறவில்லை. 1955 ஜூன் 11ஆம் நாள் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறிக் கூட்டத்துள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் விளைவாகச் சுவிற்சர்லாந்து தன் மண்ணில் வட்டத்தடப் பந்தயங்களையே தடைசெய்தது. அத்தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2023 ஆகஸ்டில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். பதின்மூன்று வயதில் ஒப்புதல் என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி அங்கே நெருப்பாய் நிற்கிறது. தடம் கோவிலுமன்று, அதை நடத்துவோர் முனிவருமல்லர்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடத்தில் நேரும் சாவு, கேள்வியாக மாறுகிறது. 1960களில் கார்ப் பந்தயச் சாரதிகள் ஆண்டுதோறும் மடிந்தனர். 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் விபத்துக்குள்ளாகி, பெற்றோல் கசியும் காருக்குள் சிக்கிக் கிடந்து மீண்ட ஜாக்கி ஸ்ருவேட், விதி என்று வாளாவிருக்கவில்லை. தடுப்பு வேண்டும், வைத்தியர் வேண்டும் என்று போராடினார். சாரதிகள் ஒன்றுதிரண்டனர், 1969இல் அதே ஸ்பா தடத்தில் ஓட மறுத்தனர். தொழிலாளர் பாஷையில் அதற்கு வேலைநிறுத்தம் என்று பெயர். 1994இல் இத்தாலியின் இமோலாவில் இரண்டு நாட்களுள் இரண்டு சாரதிகள் மாண்டபின் தடங்களும் கார்களும் மறுபடி திருத்தப்பட்டன. அதன்பின் 2014 வரை, இருபது ஆண்டுகள், போர்முலா வண் பந்தயத்தில் உயிரைப் பறித்த விபத்து எந்தச் சாரதிக்கும் நேரவில்லை. கொடி காட்டும் பணியாளர் சிலர் அக்காலத்திலும் இறந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். புகழ்பெற்றவன் உயிர் முதலில் காக்கப்படுவது அங்கும் உள்ள வழக்கமே. எனினும், சாவு குறைந்தது சாரதிகள் திடீரென்று சாதுக்களானதால் அன்று. அவர்கள் முன்னிலும் வேகமாகவே ஓடினர். குறைந்ததற்குக் காரணம், அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியது.

இதற்கு மறுதலையான சான்றை நம் நாடே தந்திருக்கிறது. 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலைப்பாதையில் தொடங்கிய பந்தயம் முதலாக இந்நாட்டில் மோட்டார்ப் பந்தயத்துக்கு நெடிய மரபுண்டு. அம்மரபில் வந்த தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில், 2024 ஏப்ரல் 21ஆம் நாள், ஒரு கார் தடத்தைவிட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. 7 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இதைக் காட்டி, "பார்த்தீர்களா, பந்தயம் என்றாலே இதுதான்" என்போர் உண்மையின் பாதியையே காண்கின்றனர். அன்று மனிதரையும் இயந்திரத்தையும் பிரிக்க வேண்டிய எல்லை அவர்களைக் காக்கவில்லை. எந்த இடத்தில் அந்த எல்லை கலைகிறதோ, அந்த இடத்தில் தடம் வீதியாகிவிடுகிறது. தியத்தலாவையில் ஒரு நாள் கலைந்த எல்லை, முருங்கனில் என்றைக்குமே கீறப்படவில்லை.

"நாங்கள் திறமையாக ஓட்டுவோம்" என்று மார்தட்டும் இளைஞருக்கு மான் தீவின் கதையைச் சொல்லுவோம். அயர்லாந்துக் கடலில் உள்ள அத்தீவில் 1907 முதல் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்துவருகிறது. அதன் மலைப்பாதைச் சுற்று ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அது தனியாகக் கட்டிய தடமன்று. ஊர் மக்கள் நாளும் புழங்கும் பொதுவீதி. பந்தய நாளில் வீதியை மூடிவிடுகின்றனர். எதிர்வாகனமில்லை, மாடில்லை, பாதசாரியில்லை. ஓடுவோரோ உலகின் தேர்ந்த ஓட்டுநர்கள். அப்படியிருந்தும், அந்தச் சுற்றில் இதுவரை 250க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் மாண்டுள்ளனர். ஏன்? வீதியோரத்தில் கல்மதில் இருக்கிறது. விளக்குக் கம்பம் இருக்கிறது. வீட்டுச் சுவர் இருக்கிறது. தவறுபவனை அங்கே சரளை ஏந்தவில்லை, கருங்கல் ஏந்துகிறது. பெயர்பெற்ற ஓட்டுநர்கள் அங்கு ஓட மறுத்தனர். 1976க்குப் பின் உலக வெற்றிக்கிண்ண வரிசையிலிருந்தே அப்பந்தயம் நீக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த கைகளையே பொதுவீதி மன்னிக்கவில்லையென்றால், சென்ற மாதம் தவணையில் வண்டியெடுத்த நம் தம்பியின் கைகளை அது மன்னிக்குமா?

கணக்கைப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன் ஒரு வினாடியில் 22 மீற்றர் கடக்கிறான். மாட்டைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடியேனும் ஆகும். பிடித்தபின் நல்ல உலர்ந்த தாரில் வண்டி நிற்க மேலும் ஏறக்குறைய 36 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 58 மீற்றர். அதே மனிதன் 40 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் 20 மீற்றரில் நின்றுவிடுவான். வேகம் இரட்டித்தது, நிற்கும் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று, மோதலின் ஆற்றல் நான்கு மடங்காயிற்று. இது பௌதிக விதி. கெஞ்சினாலும் மிஞ்சினாலும் மாறாது.

இந்தக் கணக்கு உலர்ந்த தாருக்கு. முருங்கன் மண்ணோ நாடறிந்த களிமண். கோடையில் வெடித்துப் பிளக்கும், மாரியில் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். பெரும்போக விதைப்புக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் அக்களியைத் தாரின்மேல் அப்பிவிட்டுச் செல்கின்றன. அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களுக்கும் பிடிமானம் ஏது? அறுவடைக் காலத்திலோ நெல் வீதியோரத்தில் உலர்கிறது. வண்டிகள் நடுவீதிக்கு ஒதுங்குகின்றன. உழவனைக் குறைகூறுவது எளிது. அவனுக்குப் போதிய உலர்களம் கட்டிக்கொடுத்தோமா என்று கேட்பது கடினம். கடினமான கேள்வியைக் கேட்பதற்காகவே நாம் எழுதுகிறோம்.

இங்கேதான் நமது வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். வீதியில் பந்தயம் ஓடுபவன் யார் என்று கேட்டால், தலைமயிரை வளர்த்த ஓர் இளைஞனின் படத்தை எல்லோரும் வரைந்துவிடுவர். அவனை நாம் மன்னிக்கவில்லை. பிறர் உயிரைப் பணயம் வைப்பது வீரமன்று. எதிர்த்து நிற்க முடியாதவனை மிதிப்பது வீரமாகாது. திரையில் கதாநாயகன் ஒற்றைச் சக்கரத்தில் பறப்பதையும், விளம்பரத்தில் வெறிச்சோடிய மலைப்பாதையில் வண்டி சீறுவதையும் நாளெல்லாம் காட்டிவிட்டு, அதைக் கண்டு மயங்கியவனை மட்டும் தண்டிக்கும் சமுதாயத்தின் போலித்தனத்தையும் நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த இளைஞன் மாலையில் சிறிது நேரம் ஓடும் பந்தயக்காரன். காலை முதல் இரவு வரை பந்தயம் ஓடுவோர் வேறு உள்ளனர்.

1958 ஜனவரி 1ஆம் நாள் இந்நாட்டின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. போட்டி வந்தால் சேவை சிறக்கும் என்றனர். வந்த போட்டி எத்தகையது? அடுத்த தரிப்பில் நிற்கும் ஐந்து பயணிகளை முந்தி ஏற்றுபவனுக்கே அன்றைய வருமானம் என்னும் போட்டி. உரிமையாளருக்கு நாட்கணக்குக் கட்டி, எஞ்சியதில் தன் கூலியைக் காண வேண்டிய சாரதியும் நடத்துநரும் ஓடாமல் என்ன செய்வர்? அவர்கள் முந்துவது குருதிக் கொதிப்பால் அன்று, வயிற்றுக் கொதிப்பால். 2005 ஏப்ரல் 27ஆம் நாள் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரையில், வேறொரு பஸ்ஸை முந்த விரைந்த பஸ் புகையிரதக் கடவையில் ரயிலுடன் மோதிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் மாண்டனர். அது பந்தயமில்லையா? ஒரு வேறுபாடுதான்: இங்கே ஆபத்தில் அமர்ந்திருந்தோர் பணம் கொடுத்துப் பயணச்சீட்டு வாங்கியவர்கள்.

பஸ்ஸுக்கு உள்ள நியாயம் டிப்பருக்கும் உண்டு. நாளொன்றுக்கு இத்தனை நடை என்று கணக்கிட்டுக் கூலி கொடுத்தால் மணல் வண்டி பறக்காமல் என்ன செய்யும்? பட்டினத்தில் வீட்டுக்கு வீடு உணவு சுமக்கும் இளைஞனும் அவ்வாறே. நமது ஆசிரியர்களையும் இங்கே நினைக்கிறோம். பொருத்தமான நேரத்துக்குப் பஸ் இல்லாத காரணத்தால், மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் தூரத்துக் கிராமப் பாடசாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் விடியுமுன் புறப்படுவோர் எத்தனை பேர்! கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுமுன் போய்ச்சேர வேண்டும் என்ற பதைப்பில் அவர்களும் பந்தயக்காரர்களாக்கப்படுகின்றனர். தடத்தில் ஓடுபவன் விரும்பி வந்தவன் என்றோம். வீதியில் ஓடுவோரில் பெரும்பாலோர் துரத்தப்பட்டவர்கள். துரத்துவதோ நேரமும் தவணையும் நடைக்கணக்கும்.

இவ்வாறு நடக்கும் பந்தயத்தின் பலி எவ்வளவு? உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, உலகெங்கும் ஆண்டொன்றில் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்தில் இறப்பதாகக் கணக்கிடுகிறது. இலங்கையில் 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் இவ்வெண்ணிக்கை 3,000ஐத் தாண்டிற்று. இந்தியாவில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தியத்தலாவையின் 7 சாவுகளுக்கு நாடே திகைத்தது, விசாரணைக் குழு அமைந்தது, பத்திரிகைகள் தலைப்பிட்டன. அது நியாயமே. ஆனால் அதே நாட்டு வீதிகளில் சராசரியாக நாளொன்றுக்கு ஆறு, ஏழு, எட்டுப் பேர் என்று மாண்டுகொண்டிருந்தபோது எந்தக் குழு அமைந்தது? ஒரே இடத்தில் ஏழு பேர் இறந்தால் அனர்த்தம். ஏழு ஊரில் ஏழு பேர் இறந்தால் ஏழாம் பக்கத்துச் செய்தி.

விபத்து நேர்ந்தபின் நாம் எழுப்பும் பல்லவியும் ஒன்றே: "அவன் கண்மண் தெரியாமல் ஓடினான்", "விதி முடிந்தது." இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. முதலாவது, பிழையைச் செத்தவன் தலையில் போடுகிறது. இரண்டாவது, கடவுளின் தலையில் போடுகிறது. இரண்டுக்கும் நடுவே உயிரோடும் பதவியோடும் இருக்கும் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீதியை வரைந்தவர், விளக்கில்லாமல் விட்டவர், கடவைக்குக் கதவு போடாதவர், பஸ்ஸுக்கு நேர அட்டவணை வகுக்காதவர், நடைக்குக் கூலி பேசியவர் எல்லோரும் அமைதியாக மரணவீட்டுக்கு வந்து கைகொடுத்துப் போகலாம். 2021 மார்ச்சில் தலைமன்னாரில் புகையிரதக் கடவையில் பஸ்ஸும் ரயிலும் மோதி ஒரு மாணவன் உயிரிழந்தான். மேலும் பலர் காயமுற்றனர். புகையிரதம் மீண்டபோது மகிழ்ந்தோம். கடவைக்கொரு காவல் வேண்டும் என்று அதே மூச்சில் கேட்டிருக்க வேண்டிய சமுதாயம், பிள்ளை செத்தபின் கேட்டது.

"அப்படியானால் வன்னியிலும் ஒரு பந்தயத் தடம் கட்டுங்கள், இளைஞர் வீதியை விட்டுவிடுவர்" என்பாரும் உண்டு. கட்டட்டும், எதிர்ப்பில்லை. முறையான பயிற்சியும் காப்பும் வைத்தியமும் உள்ள இடத்தில் இளைஞன் தன் வேகவேட்கையைத் தீர்த்துக்கொள்வது நல்லதே. ஆனால் தடத்துக்கு நுழைவுக் கட்டணமும் காப்புடையும் வேண்டும். தவணை கட்டும் தொழிலாளி அங்கே ஓடப்போவதில்லை. தடம் கட்டினாலும் அவன் மறுநாட் காலை இதே ஏ-14இல்தான் வேலைக்குப் போவான். ஆகவே, சிலருக்குத் தடம் என்பது விடையன்று. தடம் கற்ற பாடத்தை எல்லோருடைய வீதிக்கும் கொண்டுவருவதே விடை.

அந்தப் பாடத்தை அரசு அறியாததன்று. அறிந்து, ஒரு சாராருக்குக் கொடுத்துமிருக்கிறது. 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அங்கே போவோரையும் வருவோரையும் நடுத்தடுப்புப் பிரிக்கிறது; ஓரத்தில் வேலி; மாடு ஏறாது; குறுக்கு வீதியில்லை. அதாவது, தடத்தின் இலக்கணம் யாவும் அங்கே உண்டு. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அங்கே அனுமதியில்லை. பாதுகாப்புக் கருதி அது சரியான விதியே என்று ஒப்புவோம். அப்படியாயின், இந்நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குப் பாதுகாப்பான வீதி எங்கே? கார் உள்ளவனுக்குத் தடுப்பும் வேலியும். இல்லாதவனுக்குத் தலைக்கவசமும் அறிவுரையும். வீதியிலும் வர்க்கம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தலைக்கவசத்தை நாம் இகழவில்லை. அது தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும், சாவை நூற்றுக்கு 42 பங்கும் குறைக்கிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு கண்டுள்ளது. பொலிசாருக்கு அஞ்சி எண்ணெய்த் தாங்கியின்மேல் மாட்டிச் செல்வோரும், தான் அணிந்து பின்னால் அமர்ந்த பிள்ளையை வெறுந்தலையோடு ஏற்றுவோரும் இந்த எண்களை மனத்தில் பதிக்க வேண்டும். ஆனால் தலைக்கவசத்தோடு கடமை முடிந்தது என்று கைகழுவும் அதிகாரத்தையும் நாம் ஏற்கமாட்டோம்.

1997இல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான். அத்தவறு அவன் உயிரைப் பறிக்கும்படி வீதி அமையக் கூடாது. வீதியை அமைத்தவரும் பொறுப்பாளியே என்பது அதன் சாரம். இருபோக்கு நெடுஞ்சாலைகளின் நடுவே கம்பித் தடுப்பு இட்டனர், மனிதர் நடமாடும் இடங்களில் வேகத்தைக் குறைத்தனர், சந்திகளை வட்டமாக்கினர். வீதிச் சாவு பாதிக்கும் கீழே இறங்கிற்று. சுவீடன் பணக்கார நாடு என்று தட்டிக்கழிக்க வேண்டா. சந்திக்கு முன் ஒரு வேகத்தடை, பள்ளி வாசலில் ஒரு மேடான கடவை, துவிச்சக்கர வண்டிக்கு வீதியோரத்தில் ஒரு தனிப்பட்டை, உழவு இயந்திரத்தின் பின்புறம் ஒரு சிவப்பு ஒளிதெறிப்பான், மாட்டின் கழுத்தில் ஒளிரும் ஒரு பட்டி, ஊருக்கு ஓர் உலர்களம் ஆகியவை பணக்கார நாட்டுச் சொத்துக்களல்ல.

ஆகவே நாம் கேட்பவை தெளிவானவை. முருங்கன் போன்ற ஒவ்வொரு சந்தியும் வேகத்தை உடலால் உணர்த்தும்படி திருத்தப்பட வேண்டும்; பலகை நட்டால் போதாது. மக்கள் கடக்கும் புகையிரதக் கடவை ஒவ்வொன்றுக்கும் கதவும் காவலும் வேண்டும். பஸ் தொழிலாளருக்கு நிலையான சம்பளமும், பஸ்களுக்குக் கண்டிப்பான நேர அட்டவணையும் வேண்டும். முந்தினால் இலாபம் என்னும் நிலை ஒழிந்தாலன்றி முந்துவது ஒழியாது. மணல் வண்டிச் சாரதிக்கு நடைக்கூலி ஒழிந்து நாட்கூலி வேண்டும். 2018இல் வடமாகாணத்துக்கும் விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவை விபத்துற்றவனை ஏற்றிச் செல்கிறது, நல்லதே. தலையில் அடிபட்டவனை நெடுந்தூரம் கொண்டோடாமல் மன்னார் மாவட்டத்திலேயே காக்க வல்ல சிகிச்சையும் வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, ஒவ்வொரு வீதிச் சாவும் தடத்துச் சாவைப் போலவே விசாரிக்கப்பட வேண்டும். யார் பிழை என்பதோடு நில்லாமல், எது மாறினால் இது மறுபடி நேராது என்று கேட்டு, விடையை ஊரறியச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இதில் உங்களுக்கென்று ஒரு வேலை உண்டு. வகுப்பறைச் சுவரில் வீதி ஒழுங்குப் படம் தொங்குகிறது. இடம் பார், வலம் பார் என்று பிள்ளைகள் ஒப்புவிக்கின்றனர். அந்தப் படத்தில் உள்ள வீதி நம் வீதியன்று. கணித பாடத்தை ஒருநாள் பாதுகாப்பான வீதியோரத்துக்கு வெளியே நகர்த்துங்கள். 50 மீற்றரை அளந்து, வாகனம் அதைக் கடக்கும் நேரத்தை எண்ணி வேகத்தைக் கண்டறியுங்கள். எந்த நேரத்தில் எத்தனை வாகனம், எந்த இடத்தில் விளக்கில்லை, எந்த வளைவை மரம் மறைக்கிறது, எங்கெங்கே விபத்து நேர்ந்தது என்று ஊரின் வீதிக்கொரு பதிவேடு எழுதுங்கள். அதைப் பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் பொலிசாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் பதில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மறுபடி கேளுங்கள். பெற்றோரையும் பஸ் தொழிலாளரையும் உழவரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். ஸ்பா தடத்தில் ஓட மறுத்த சாரதிகள் செய்தது இதைத்தான். ஆபத்துக்கு முகங்கொடுப்பவரே அதன் நிபந்தனைகளைத் தீர்மானிக்க வேண்டும் என்றனர், வென்றனர்.

வீதி எவருடைய பந்தயத் தடமுமன்று. விரையும் இளைஞனுடையதுமன்று, வசூலை எண்ணும் முதலாளியுடையதுமன்று. அது பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வழி. வயலுக்குப் போகும் உழவனின் வழி. வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்பும் வழி. அவர்கள் திரும்பி வருவது அதிர்ஷ்டமாக இருத்தலாகாது. அது உரிமையாக வேண்டும்.